விநாடி எண்ணியவர்

என்னிடம் நற்சான்று கேட்டு வந்தவர்கள் பலர். எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் பதினேழு ஆண்டுக் காலம் எவருக்குக் கீழே பணிபுரிந்தேனோ அவரைப் பற்றி நல்லதாக ஒன்று எழுத முயலும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது: அவர் எவரிடமும் கை நீட்டாதவர். அந்த ஒன்றும் ஊருக்குத் தீங்காகவே முடிந்தது. ஆகவே இது புகழுரை அன்று.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் புதுச்சேரியில் மதிப்போடு வாழ்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அலுவலகத்தில் நாங்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே' என்று அழைத்தோம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. எனினும் அவர்கள் காலத்துப் போலீஸ் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் என்ற நினைவு அவரை விட்டு அகலவில்லை. 'ஐயா' என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். மெலிந்த உடல், கழுத்துவரை பொத்தான் இட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சங்கிலி கோத்த கடிகாரம். சிரித்து நான் கண்டது இரண்டு முறை. இரண்டு முறையும் யாரோ ஒருவருக்கு வேலை போயிருந்தது.

வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் நடத்தையை விசாரித்துக் குறிப்பு எழுதுவது அவர் பணி. எழுபதுகளில் பள்ளி ஆசிரியர்களை நியமிக்கும் ஓர் அலுவலகத்தில் அதைச் செய்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நியமனப் பிரிவு நகரில் வாடகை வீடொன்றில் இயங்கத் தொடங்கியபோது, அனுபவம் மிக்கவர் என்று அவரை அங்கே அழைத்துக்கொண்டார்கள். அவர் போன இடத்துக்கெல்லாம், அவருடைய தட்டச்சராக நானும் போனேன்.

விண்ணப்பத்தின் கடைசியில், தம்மை அறிந்தவர்கள் என்று இருவர் மூவரின் பெயரையும் முகவரியையும் எழுதுவது வழக்கம். 'ரெஃபரன்ஸ்' என்று அலுவலகத்தில் சொல்வோம். மற்ற அலுவலகங்கள் அவர்களுக்குக் கடிதம் போடும், பதில் வரும், கோப்பில் சேரும். முசியே கடிதத்தை மதிப்பதில்லை. "கடுதாசி எழுதறவன் யோசிச்சி எழுதறான். யோசிச்சிட்டா அப்புறம் அதுல இன்னா இருக்கு?" என்பார். முற்காலத்தில் நேரில் போனார்; பிற்காலத்தில் தொலைபேசியில் அழைத்தார். இரண்டிலும் கேட்டது ஒரே கேள்வி. "இந்த ஆள உங்க பக்கத்து வீட்டுல குடிவெப்பீங்களா?"

கேட்ட மறுகணம் அவர் கண் கையிலிருக்கும் கடிகாரத்தின் விநாடிமுள்ளுக்குப் போய்விடும். எதிராளி வாய் திறக்க எத்தனை விநாடி ஆயிற்று என்பதுதான் அவருக்கு விடை. என்ன சொன்னார் என்பதை எழுதுவது என் வேலை. அவர் எழுதியது எண் மட்டும். இரண்டு விநாடிக்குள் பதில் வந்தால் ஆள் சுத்தம். மூன்றும் நான்கும் சந்தேகம். ஐந்தைத் தாண்டினால் அந்த விண்ணப்பத்துக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. கோப்பின்மேல் ஒற்றைத் தாள் ஒன்றை வைப்பார். பெயர், எண், அவர் கையொப்பம், சாட்சியாக என் கையொப்பம். அதற்கு மேல்தாள் என்று பெயர். தேர்வுக் குழுவினர் எவரும் அந்த மேல்தாளுக்குக் கீழே புரட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கையொப்பமிட்டு மூடியதும் "பியேன்" என்பார். நல்லது என்று பிரெஞ்சில் அதற்குப் பொருளாம். அவர் வாயில் அதற்கு அந்தப் பொருள் இருந்ததேயில்லை.

இம்முறையை எங்கே கற்றார் என்பதை அவரே பெருமையோடு பலமுறை சொல்லியிருக்கிறார். அந்நாளில் சைகோனுக்கோ பாரிசுக்கோ போகிறவர், தாம் ஒழுக்கமாக வாழ்பவர் என்று போலீஸ் அலுவலகத்தில் சான்றிதழ் பெறவேண்டும். அதற்கு அண்டை வீட்டார் வந்து சொல்லவேண்டும். இவருடைய வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. மொழிபெயர்ப்பைக் கேட்கும் பொறுமையும் கிடையாது. கேள்வி கேட்கப்பட்டதும் சாட்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு விரலால் மேசையில் தட்டி எண்ணுவாராம். "பாஷ தெரியாத மனுஷன், ஒரு தப்பு பண்ணல" என்பார் முசியே. தப்பா இல்லையா என்பதைப் பிறகு சரிபார்த்தவர் யார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை; தோன்றியபோது துணிவு வரவில்லை. கப்பலேற முடியாமல் இறங்குதுறையில் நின்றவர்களின் பட்டியலை எவரும் வைத்திருக்கமாட்டார்கள் அல்லவா?

எழுபத்துமூன்றோ எழுபத்துநான்கோ இருக்கும். குருசுக்குப்பத்துப் பையன் ஒருவன் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். அக்குப்பத்தில் பயிற்சி முடித்த முதல் பிள்ளை அவன். நாங்கள் இரண்டு சைக்கிளில் போனோம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் அமர்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் வலை, மறு கையில் ஊசி, பல்லிடுக்கில் நூல். முசியே குடையைக்கூட மடக்காமல் கேள்வியைக் கேட்டார். மீனவர் நிமிர்ந்து பார்த்தார். முடிச்சை இறுக்கினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகுதான் வாய் திறந்தது.

"இப்பவே பக்கத்து ஊட்டுலதான கீறான். தங்கமான புள்ள சாமி. எம்புள்ளைங்களுக்கு ரா முழுக்க எழுத்து சொல்லித் தருவான்."

நான் அதை எழுதினேன். முசியே 'ஆறு' என்று எழுதினார்.

திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மனிதர் வாயில் நூல் இருந்ததே என்று சொன்னேன். முசியே சைக்கிளை நிறுத்தவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை.

"நெஜமாவே நல்ல பையனா இருந்தா, நூல துப்பிட்டு சொல்லியிருப்பான்."

அந்தப் பையனுக்கு வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு சேதராப்பட்டுப் பக்கம் ஏதோ தொழிற்கூடத்தில் மூட்டை தூக்கியதாகக் கேள்விப்பட்டேன். முசியேவிடம் சொன்னேன். "அதுக்கு ரெஃபரன்ஸ் தேவையில்ல" என்றார்.

அலுவலகத்தில் அவர் எங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டு அதே கடிகாரத்தில் எண்ணியிருந்தார். அந்த எண்தான் எங்கள் பெயர். கடைநிலை ஊழியருக்கு ஏழு என்று பெயர். அவர் தியாகியின் மகன். ஏழு விநாடியிலும் வேலை கிடைத்தது அதனால்தான் என்று முசியே வெளிப்படையாகவே சொல்வார். என் பெயர் நாலு. என் தந்தையும் நானும் பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். அங்கே என் மேஸ்திரியிடம் என்னைப் பற்றிக் கேட்டபோது, எந்திரச் சத்தத்தில் கேள்வி அவர் காதில் விழவில்லை, "இன்னா?" என்று கேட்க நாலு விநாடி ஆயிற்று. "ஏ நாலு, கார்பன் வெச்சியா?" "நாலு, ஒனக்கு அந்த நாலு மறந்துபோச்சா?" இப்படியே பதினேழு ஆண்டு. நாலு விநாடிக்காரனுக்கு நிரந்தரப் பணி கிடையாது என்பது அவர் வகுத்த சட்டம். ஆண்டுதோறும் என் தற்காலிகப் பணியை நீட்டிக்கும் தாள் அவர் மேசைக்குப் போகும். ஆண்டுதோறும் அதைக் கடைசி நாள்வரை வைத்திருந்து கையொப்பமிடுவார்.

அவர் கை நீட்டாதவர் என்றேன். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் தம் மைத்துனனுக்காகச் சிபாரிசுக் கடிதத்தோடு ஒரு கூடை மாம்பழமும் அனுப்பினார். முசியே கடிதத்தின் பின்புறத்திலேயே 'பெறப்படவில்லை' என்று எழுதிக் கூடையோடு திருப்பி அனுப்பினார். மறுநாள் பிரமுகர் நேரில் வந்து கத்தினார். இவர் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த ஒரு நிகழ்ச்சி போதுமாயிருந்தது. அதன்பின் அவர் எழுதிய எண்ணை மேலிடத்தில் எவரும் கேள்வி கேட்கவில்லை. அவர் காசு வாங்கியிருந்தால் யாராவது ஒருவர் முறையிட்டிருப்பார்; விசாரணை நடந்திருக்கும்; அந்தக் கடிகாரம் என்றைக்கோ அவர் சட்டைப்பைக்குள் ஓய்ந்திருக்கும்.

பல்கலைக்கழகம் வந்தபின் விண்ணப்பதாரர்கள் வெளியூர்களிலிருந்து வந்தார்கள். ரெஃபரன்சும் திருச்சி, மதுரை, சென்னை என்று பரவியது. டிரங்க் கால் பதிவு செய்து பேசவேண்டும். முசியேவின் அறையில் ஒரு தொலைபேசி. என் மேசையில் அதே இணைப்பில் இன்னொன்று. மணி அடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டும். அவர் தம்மையும் விண்ணப்பதாரரையும் அறிமுகம் செய்து கேள்வியைக் கேட்பார். நான் பதிலை எழுதுவேன். 'ரெண்டாவது காது' என்று எனக்கு உத்தியோகப் பெயர். போலீஸ் அலுவலகத்து வழக்கமாம் அது: எந்த வாக்குமூலத்துக்கும் இரண்டு காது வேண்டும். ஆனால் இரண்டாவது காதுக்கு வாய் இருக்கக்கூடாது. மூச்சுவிடும் சத்தம்கூட இணைப்பில் கேட்கக்கூடாது என்பது அவர் கட்டளை.

அந்நாள்களில் அவர் எப்போதும் ஒரு கையைத் தொலைபேசியின்மேல் வைத்தபடியே அமர்ந்திருப்பார். வேலையில் அவருக்குள்ள ஆர்வம் என்றே நாங்கள் எண்ணினோம். எண்களும் ஏறத் தொடங்கின. முன்பு இரண்டும் மூன்றுமாக இருந்தவை ஏழு, எட்டு, ஒன்பது என்று வந்தன. முசியே அதற்கும் காரணம் வைத்திருந்தார். "ஒலகம் கெட்டுப்போச்சி நாலு. அப்பல்லாம் ரெண்டு விநாடியில பொய் சொன்னான். இப்ப பொய் சொல்றதுக்கே எட்டு விநாடி ஆவுது."

மதுரைப் பேராசிரியர் ஒருவரை அழைத்த நாளில்தான் எனக்கு விளங்கியது. கேள்வி முடியுமுன்னே அவர், "தாராளமா வைப்பேனே" என்றார். நான் எழுதிவிட்டுக் கதவிடுக்கில் பார்த்தேன். முசியே இன்னும் விநாடிமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்ற குரல் வந்தது. முசியே அசையவில்லை. "ஹலோ, காதுல விழுதா?" என்று மதுரைக்காரர் கூரை அதிரக் கத்தியபோதுதான் முசியேவின் தலை அசைந்தது. 'ஒன்பது' என்று எழுதினார்.

அன்று மாலை, நான் சொன்னதைக் கேட்ட கடைநிலை ஊழியர் ஏழு, வேண்டுமென்றே அவர் முதுகுக்குப் பின்னால் தகரப் பெட்டி ஒன்றைத் தரையில் போட்டார். அலுவலகமே திடுக்கிட்டது. முசியே பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி அடிப்பதை அவர் கேட்கவில்லை. தொலைபேசி அதிர்வதைக் கைதான் அவருக்குச் சொல்லியது. எதிரில் நின்று பேசுகிறவர்களின் வாயசைவைப் பார்த்து எப்படியோ சமாளித்திருக்கிறார். தொலைபேசியில் வாய் தெரிவதில்லை.

காது மங்கியதிலிருந்து அவர் எண்ணியது பதில் வரும் நேரத்தையன்று. பதில் சொன்னவர் பொறுமையிழந்து கத்தும் நேரத்தை. முரட்டுக் குரலில் பேசும் பேராசிரியர்களின் மாணவர்கள் எங்கள் பல்கலைக்கழகத்தில் வரிசையாக வேலைக்குச் சேர்ந்தார்கள். தணிந்த குரலில் பேசுகிற, மறுமுனையில் ஒருவர் சிந்திக்கிறார் என்று எண்ணிக் காத்திருக்கிற மரியாதையுள்ள மனிதர்களிடம் பயின்றவர்கள் வெளியே நின்றார்கள். எனக்குத் தெரியும், ஏழுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் தற்காலிக ஊழியர்களைப் போலவே நடந்துகொண்டோம்.

வசந்தாவின் விண்ணப்பம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவளுடைய தந்தை என் தந்தையோடு நூற்புப் பிரிவில் நின்றவர். ஆலை மூடியும் திறந்தும் கிடந்த காலத்தில் மார்பு நோயோடு வீட்டில் அடைந்தவர். உதவித்தொகையில் திருச்சி போய் வேதியியலில் முதுகலை முடித்து, ஆய்வும் செய்து திரும்பியிருந்தாள். விரிவுரையாளர் பணிக்கு வயது வரம்பு அவளுக்கு அந்த ஆண்டோடு முடிகிறது. இது போனால் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது. நேர்முகத் தேர்வில் அவளே முதலில் நின்றாள் என்று குழுவிலிருந்த ஒருவரே என்னிடம் சொன்னார்; ரெஃபரன்ஸ் ஒன்றுதான் பாக்கி. என்னைத் தெருவில் கண்டால் நின்று பேசுவாள். "அண்ணே, எங்க சாருக்கு எப்ப போன் போடுவீங்க? அவரு பேசினா போதும்ணே, எனக்கு பயமே இல்ல" என்றாள்.

அவள் ஒரே ஒரு பெயரைத்தான் கொடுத்திருந்தாள். ஓய்வு பெற்ற அவளுடைய பேராசிரியர்.

இணைப்புக் கிடைத்தபோது முற்பகல். முசியே அறிமுகத்தை முடித்தார். "இந்தப் பொண்ண உங்க பக்கத்து வீட்டுல குடிவெப்பீங்களா?" என்றார். கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

மறுமுனையில் குரல் உடனே வந்தது. ஆனால் அதைக் குரல் என்று சொல்வதா, காற்று என்று சொல்வதா? தாளைத் தாளோடு உரசுவது போன்ற ஓசை. நான் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பக்கத்து வீடு என்னத்துக்கு சார்? என் வீட்டுச் சாவியே ஆறு மாசம் அந்தப் பொண்ணுகிட்டதான் இருந்தது. எனக்குத் தொண்டையில ஆபரேஷன். வேலூர்ல கெடந்தேன். என் வகுப்ப எல்லாம் அதுதான் எடுத்தது. நான் திரும்பி வந்து நின்னா பசங்க, 'இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுங்க சார்'ங்கறானுங்க." காற்றுப் போலவே சிரித்தார். "எனக்குப் பொறாமையாக்கூட இருந்தது. அவ்வளவு நல்லா நடத்தும். முப்பது வருஷம் பாடம் சொன்னேன் சார். எனக்கப்புறம் யாருன்னு கேட்டா அதத்தான் கை காட்டுவேன்."

நான் எழுதிக்கொண்டே கதவிடுக்கில் பார்த்தேன். முசியேவின் தலை குனிந்திருந்தது. முள் ஒரு சுற்று முடித்து இரண்டாம் சுற்றில் போய்க்கொண்டிருந்தது.

"என்னால இதுக்கு மேல உரக்கப் பேச முடியாது சார். கேக்குதுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். என் நிரந்தரப் பணிக்கான கோப்பு அந்த வாரம்தான், பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, அவர் மேசைமேல் ஏறியிருந்தது.

"கேக்குதுங்களா சார்?" என்று அவர் மறுபடி கேட்டார். பிறகு, கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு, அவளுடைய ஆய்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கண்ணாடிக் குழாய் உடைந்து கையில் பாய்ந்தபோதும் சோதனையை நடுவில் விடாதவள் என்றார். ஊருக்குப் போகக் காசில்லாமல் விடுமுறையிலும் ஆய்வுக்கூடத்தில் இருந்ததைத் தமக்குத் தெரியாமல் மறைத்தவள் என்றார். கடிகாரத்தில் மூன்று நிமிடம் நிறைந்தது. முசியே அவர் வாக்கியத்தின் நடுவில் கருவியைக் கீழே வைத்தார்.

நான் எழுதிய மூன்று தாளோடு அவர் அறைக்குப் போனேன்.

"பாத்தியா நாலு. மூணு நிமிஷம். ஒரு வார்த்த வரல்ல. இருவத்தஞ்சி வருஷத்துல இப்பிடி ஒரு பொண்ண நான் பார்த்ததில்ல."

"பேசினாருங்க முசியே" என்று சொல்லித் தாள்களை அவர்முன் வைத்தேன்.

அவற்றை மெல்லப் படித்தார்; மூன்றையும் முழுமையாகப் படித்தார். அந்த முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று ஒரு கணம் வந்தது. அச்சம் என்றுதான் அதைச் சொல்லவேண்டும். பிறகு அது போய்விட்டது. என் கோப்பின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்காதுல ஒண்ணும் இல்ல. ஒங்காதுல மூணு பக்கம் இருக்குது. ரெண்டுல எது பொய்யின்னு மேல எழுதட்டும்?"

தம் காது பழுது என்பது அவருக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பதும் அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அறியாமல் செய்தார் என்று அவரை மன்னிக்க எனக்கு இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டது.

"லைன் சரியில்லீங்க முசியே" என்றேன்.

"அப்ப அதக் கிழிச்சிப் போடு."

மேல்தாளில், 'மூன்று நிமிடமும் மௌனம். கருத்துரைக்க மறுத்தார்' என்று எழுதிக் கையொப்பமிட்டு என் பக்கம் தள்ளினார். சாட்சியின் இடத்தில் நான் கையொப்பமிட்டேன். தாள்களைக் கிழிக்கவில்லை, என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கிழிக்காமல் வைத்ததையே பெரிய வீரம் என்று வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் என் பணி நிரந்தரமாயிற்று. வசந்தா கேட்ட இடத்துக்கு வேறொருவர் வந்தார்; அவருடைய பேராசிரியருக்கு நல்ல வெண்கலக் குரல்.

ஏறத்தாழ ஓராண்டு வசந்தாவைத் தெருவில் காணாமல் வேறு வழியாகப் போய் வந்தேன். பங்குனி மாதம் ஒரு பிற்பகல் அவளே அலுவலகத்துக்கு வந்தாள். விண்ணப்பத்தோடு கொடுத்த அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெறவேண்டும். ஏதோ டுடோரியலில் பாடம் எடுப்பதாகச் சொன்னாள். இளைத்திருந்தாள். நான் பதிவேட்டைத் திறந்தேன். முசியே எட்டடி தூரத்தில், திறந்த கதவுக்கு அப்பால், தம் மேசையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் வாயசைவு தெரியாதவாறு நான் சிறிது திரும்பி அமர்ந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "எங்க சார் ஏண்ணே அப்பிடி பண்ணாரு? வாயே தொறக்கலியாம். கமிட்டியில இருந்தவரு சொன்னாரு. நான் அவருக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?"

நான் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினேன்.

"அதுக்கப்புறம் ரெண்டு கடுதாசி போட்டாரு. நான் பிரிக்கவேயில்ல, அப்பிடியே அடுப்புல போட்டேன். போன மாசம் செத்துட்டாருன்னு தந்தி வந்துது. போவல." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "எல்லாரும் போனாங்க. நான் போவல" என்றாள்.

இழுப்பறையைத் திறந்து மூன்று தாளையும் எடுத்தேன். வழக்கமான குரலில், முதல் சொல்லிலிருந்து படித்தேன். அலுவலக இரகசியம் அது. விதிப்படி அவளுக்கு அதைக் காட்டுவதே குற்றம். ஏழு, தேநீர்க் கோப்பையோடு நடுவழியில் நின்றுவிட்டார். முசியே பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுச் சாவி என்ற இடத்தில் வசந்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 'கேக்குதுங்களா சார்' என்ற இடத்தைத் தாண்டிப் போக நினைத்தேன். தாண்டாமல் இரண்டு முறையும் படித்தேன். முசியே கருவியை வைத்த இடத்தில் வாக்கியம் பாதியில் நின்றது. நானும் நிறுத்தினேன்.

தாள்களை வாங்கி என் கையெழுத்தைப் பார்த்தாள்.

"இது எப்ப எழுதினது?"

"அன்னிக்கேதான்மா. அவர் பேசப் பேச."

"யார்கிட்ட காட்டினீங்க?"

முசியேவைக் கண்ணால் காட்டினேன். அவருக்குக் காது கேளாது என்பதை அவர் இருக்கும் இடத்திலேயே, அவருக்கு எட்டடி தூரத்தில், முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். எத்தனை ஆண்டாக என்பதையும், அந்தத் தொண்டைக் குரல் அவருக்கு எட்டவேயில்லை என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பாரம் குறைவதாக எனக்குத் தோன்றியது.

அவள் முசியேவைச் சிறிது நேரம் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கவில்லை. பழுதான எந்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு பதிவேட்டில் கையொப்பமிட்டாள். சான்றிதழ்களோடு அந்த மூன்று தாளையும் சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குக் காது கேக்காது, சரி. உங்களுக்கு நல்லாத்தான கேட்டுது, சார்?"